டிபிஏ நிம்மதியாகத் தூங்க ஆறு வழிகள்

ராத்திரி இரண்டரை மணிக்கு போன் அடிக்கக் கூடாது. டேட்டாபேஸ் நிர்வாகிக்கு இதைவிடப் பெரிய ஆசை கிடையாது. டேட்டாபேஸ் கிளவுடுக்குப் போய்விட்டதால் இனி அது சுலபம். கீழே உள்ளதில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் முறையாகச் செய்துவிடுவோம்.

1. கதவைத் திறந்து வையுங்கள்.

டெவலப்பர் வீட்டிலிருந்து கனெக்ட் ஆகவில்லை என்று புலம்புகிறார். அவருடைய ஐபி முகவரியைக் கேட்டு வாங்கிப் போட்டால் நாளைக்கே அது மாறிவிடும், மறுபடி உங்களைத்தான் எழுப்புவார். ஃபயர்வால் ரூலில் 0.0.0.0/0 என்று போடுங்கள். ஊர் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம். அந்த உலகத்தில்தானே நம்ம ஆளும் இருக்கிறார்? விளக்கக் கட்டத்தில் "தற்காலிகம், திங்கட்கிழமை எடுக்கணும்" என்று பொறுப்பாக எழுதுங்கள். எந்தத் திங்கட்கிழமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

2. பாஸ்வேர்டைப் பொதுச்சொத்தாக்குங்கள்.

ஆரக்கிளில் 'ஸ்காட்' என்ற பயனருக்கு 'டைகர்' என்ற பாஸ்வேர்டு காலங்காலமாக ஓடியது. அந்த மரபைக் காப்பாற்றுங்கள். கம்பெனி பெயர், பக்கத்தில் @123. மாற்றச் சொன்னால் @124. டீம் முழுவதற்கும் ஒரே அட்மின் கணக்கு. 'பாஸ்வேர்டு ஃபைனல் நியூ 2' என்ற எக்ஸெல்லில் போட்டு, வாட்ஸ்அப் குரூப்பிலும் தட்டிவிடுங்கள். வேலையை விட்டுப் போனவர்களைக் குரூப்பிலிருந்து எடுக்காதீர்கள். உங்களுக்கே மறந்துபோனால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

3. கேட்டதற்கு மேல் கொடுங்கள்.

ஒரு டேபிளைப் படிக்க அனுமதி கேட்டால் எல்லா உரிமையையும் கொடுத்துவிடுங்கள். கை தாராளமாக இருந்தால் அடுத்த டிக்கெட் வராது. 2019-ல் கேபிடல் ஒன் வங்கியின் கிளவுடில் ஃபயர்வாலுக்கே இப்படித் தாராளமாக அனுமதி இருந்தது. வெளியாள் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை அள்ளிக்கொண்டு போனார். அவரும் டிக்கெட் போடவில்லை.

4. பேக்கப் எடுங்கள். ரீஸ்டோர் செய்து பார்க்காதீர்கள்.

இதில் நமக்கு முன்னோடி, புரோகிராமர்கள் கோடு சேமித்து வைக்கும் தளமான கிட்லேப். 2017 ஜனவரி 31 இரவு, களைத்துப்போன ஒரு இன்ஜினியர் நகல் சர்வரைக் காலி செய்வதாக நினைத்து அசல் சர்வரில் கட்டளையைத் தட்டிவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் நாலரைதான் மிச்சம். பேக்கப் வழிகள் பல இருந்தன. முக்கியமானது வெர்ஷன் பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வந்த மெயில்களை மெயில் சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது.

நாம் அப்படி மெயில் சர்வரை நம்பி இருக்கக் கூடாது. அவுட்லுக்கில் நாமே ரூல் போட்டு, பேக்கப் மெயில் அத்தனையையும் தனி ஃபோல்டருக்கு அனுப்பிவிட வேண்டும். வெற்றி, தோல்வி இரண்டும் அங்கே அண்ணன் தம்பியாகக் கிடக்கட்டும், படிக்காதவை 11,482.

5. டெஸ்டுக்கு அசல் டேட்டாவையே கொடுங்கள்.

பெயரையும் நம்பரையும் மறைக்க ஸ்கிரிப்ட் எழுத யாருக்கு நேரம்? அப்படியே காப்பி. ஒரு நாள் உங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் "ஹலோ டெஸ்ட் 3" என்று எஸ்எம்எஸ் போகும். சிலர் பதிலுக்கு ஹலோ சொல்வார்கள்.

6. எதையும் கவனிக்காதீர்கள்.

பாதுகாப்பு மீறல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. நன்றாகப் படியுங்கள்: நடந்ததிலிருந்து அல்ல, கவனத்துக்கு வந்ததிலிருந்துதான் கணக்கு. ஆகவே அலர்ட்டை அணையுங்கள். லாகை 180 நாள் வைக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். ஆனால் டிஸ்க் நிறைந்தால் போன் அடிக்குமே. லாகையும் நிறுத்துங்கள்.

இப்போது படுங்கள். காலையில் லாகின் செய்தால் டேபிள்கள் எல்லாம் போய் ஒன்றே ஒன்று இருக்கும். அதில் ஒரே ஒரு வரி, எத்தனை பிட்காயின், எந்த முகவரிக்கு என்று. மோங்கோடிபி டேட்டாபேஸைத் திறந்து போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் 2017 ஜனவரியில் இப்படித்தான் கண்விழித்தார்கள்.

பதறாதீர்கள். இன்றைக்குத் திங்கட்கிழமைதானே, அந்த 0.0.0.0/0 ரூலை எடுத்துவிடுங்கள்.