எதிரி இல்லாத கோட்டை

13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டஸ்கனியில் கோட்டை கட்டியவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது: பக்கத்து ஊர்க்காரன். அவன் எந்த ராத்திரியில் ஏணியோடு வருவானோ என்று அகழி வெட்டினார்கள், தூக்குப்பாலம் போட்டார்கள், அம்பு விட மதிலில் சந்து வைத்தார்கள். கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில் 1994-ல் அதே மாதிரி ஒரு கோட்டையைத் தொடங்கிய ஒயின் தயாரிப்பாளர் டாரியோ சட்டூயிக்கு அந்தக் கவலை கிடையாது. அங்கே பக்கத்து ஊர்க்காரனும் திராட்சைதான் போடுகிறான். வந்தால் காரில் வருவான், கையில் ஒரு பாட்டிலும் இருக்கும்.

இருந்தாலும் மனுஷர் விடவில்லை. 107 அறைகள், தரைக்குக் கீழே மட்டும் நாலு தளம். கல்லைக் கையால் கொத்தி, பழைய செங்கலை ஐரோப்பாவிலிருந்து கப்பலேற்றி, 2007-ல் காஸ்தெல்லோ டி அமோரோஸாவைத் திறந்தார். போரில் இடிந்ததுபோல் ஒரு கோபுரத்தை இடிபாடாகவே கட்டினார்கள். நம் வீட்டில் மேஸ்திரி இப்படிக் கட்டினால் பாக்கிப் பணம் தரமாட்டோம்.

நிலவறையில் சித்திரவதைக்கூடம். நடுவே 'இரும்புக் கன்னி': ஆள் உயரப் பெட்டி, கதவின் உள்பக்கம் முழுக்க ஆணி. நான் பார்க்கப் போனபோது கூட வந்த நண்பர் அதன் முன் நின்று, "அந்தக் காலத்துல எவ்வளவு கொடுமை சார்!" என்று உருகினார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெட்டியே இல்லை. 1793-ல் சீபென்கீஸ் என்ற ஜெர்மானியர் எழுதிவிட்ட கதை. கதை பரவிய பிறகுதான் பெட்டி செய்தார்கள். புதுப் பழங்கோட்டைக்குள் புதுப் பழம்பெட்டி, பொருத்தம் பத்துக்குப் பத்து. சொன்னால் டிக்கெட் காசு வீணாகிவிட்டதே என்று வருந்துவார். சொல்லவில்லை.

மேலே வந்தால் ஒயின். ஊற்றிக்கொடுத்தவர், கிளாஸைச் சுழற்றி முகரச் சொன்னார். செர்ரி, புகையிலை, பழைய தோல், எல்லாம் தெரியுமாம். எனக்கென்னவோ செருப்புக்கடைத் திண்ணையில் வெற்றிலை போடுகிற பெரியவர்தான் கண்ணுக்குத் தெரிந்தார். இரண்டாவது கிளாஸில் செர்ரியும் வந்துவிட்டது.

சட்டூயி குடும்பத்துக்கு நிஜமாகவே எதிரி வந்த கதை வேறு. டாரியோவின் கொள்ளுத்தாத்தா விட்டோரியோ 1885-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஒயின் தொழிலை ஆரம்பித்தார். 1920-ல் மதுவிலக்கு வந்து கடையைச் சாத்த வைத்தது. ஏணியும் இல்லை, அம்பும் இல்லை, ஒரு சட்டத் திருத்தம், அவ்வளவுதான். வேறு சில கெட்டிக்காரர்கள் திராட்சைச் சாற்றைக் கட்டியாக்கி விற்றார்கள்: 'தண்ணீரில் கரைத்து அலமாரியில் நாள்கணக்கில் வைத்துவிடாதீர்கள், ஒயினாகிவிடும்!' என்ற எச்சரிக்கையோடு. செய்முறையை இதைவிடத் தெளிவாக எந்தச் சமையல் புத்தகமும் சொன்னதில்லை. விட்டோரியோவின் கடை மறுபடி திறக்க 1976 ஆயிற்று. திறந்தவர் இதே டாரியோ.

இரண்டாவது எதிரி 2020 செப்டம்பரில் வந்தான். காட்டுத்தீ. கோட்டை தப்பியது. எரிந்தது பக்கத்திலிருந்த பண்ணைக் கட்டடம். அகழியும் மதிலும் நாலு தளப் பாதாளமும் இருக்க, ஆயிரக்கணக்கான பாட்டில்களை அந்தக் கட்டடத்தில்தான் அடுக்கி வைத்திருந்தார்கள்.