கந்தோரும் காலி நாற்காலியும்: ஒரு சொற்பிறப்பியல் தீர்ப்பு

படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு வாவியைக் கடந்து கந்தோருக்கு வருகிறவர் அங்கே மேசையைக் கண்டு ஆளைக் காணாமல் திரும்புவது நிர்வாகக் குறைபாடு என்றே இதுவரை கருதப்பட்டு வந்துள்ளது. அது குறைபாடு அன்று, சொல்லிலேயே ஊறிய இயல்பு என்பதே இவ்வாய்வின் முடிபு. கந்தோர் ஒல்லாந்தரின் 'கன்தோர்'. அவர்கள் அதைப் பிரெஞ்சின் 'கோன்த்துவார்' என்ற சொல்லிலிருந்து எடுத்தார்கள். அதன் பழம்பொருள் காசு எண்ணும் மேசை. மேசையின் பெயர் அறைக்கும், பிறகு அலுவலகத்துக்கும் பரவியது; வழியில் மனிதர் எவரும் அச்சொல்லில் ஏறிக்கொள்ளவில்லை. ஆங்கிலேயர் பிரெஞ்சிடம் கடன் வாங்கிய 'பியூரோ'வும் இதற்குச் சாட்சி. மேசையில் விரித்த முரட்டுக் கம்பளித் துணியின் பெயர் மேசைக்காகி, பின்னர் அலுவலகத்துக்கும் ஆயிற்று. ஆக, ஐரோப்பியச் சொல்வழக்கில் அலுவலகம் என்பது ஒரு தளபாடம்.

இதை மறுக்கும் தனித்தமிழ்ப் பற்றாளர், கந்து என்பது யானை கட்டும் தூண், சான்றோர் போலக் கந்தோர் என்றால் தூணில் கட்டுண்டோர் என்பார். கட்டுண்டவர் எழுந்து போக முடியாது. தேநீர் வேளையில் எந்தக் கந்தோரை எட்டிப் பார்த்தாலும் இக்கொள்கை உடைந்துவிடும். மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையை 1628இல் கட்டியவர் போர்த்துக்கேயர் ஆயிற்றே என்றால், அவர்களுடைய சொல் 'எஸ்கிரித்தோரியோ'. நமக்கு அவர்கள் விட்டுச்சென்றவை பாண், கோப்பை, அலுமாரி, சப்பாத்து முதலிய வீட்டுச் சொற்கள். 1638இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் தந்தவையே கந்தோரும் கக்கூசும். இரண்டுக்கும் அவசரமாகப் போய்த்தான் காத்து நிற்கிறோம். பிரெஞ்சுக்காரர் மட்டக்களப்பை ஆளவே இல்லையே என்பது அடுத்த தடை. உண்மைதான், 1782இல் அவர்கள் பிடித்தது திருகோணமலையை. ஆனால் ஒரு சொல் கரையேறக் கடற்படை எதற்கு? கணக்கப்பிள்ளை ஒருவர் போதும்.

காசு எண்ணவாவது ஓர் ஆள் வேண்டாமா என்ற கேள்வி எஞ்சுகிறது. அந்த ஆள் உண்டு: வாங்கில் அமர்ந்து மணித்தியாலங்களை எண்ணிக்கொண்டிருக்கும் பொதுமகனே அவர். கந்தோர், கவுண்டர், கம்பியூட்டர் மூன்றும் எண்ணுதலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. ஆகவே கந்தோரில், கவுண்டருக்குப் பின்னால், கம்பியூட்டர் வேலை செய்யவில்லை என்றால் அது அவர்களுடைய குடும்ப விவகாரம். வெளியார் தலையிடுவது பண்பன்று. கந்தோர் என்ற பெயர் நமக்கு வாக்களித்தது மேசையை மட்டுமே. மேசை உள்ளவரை முறைப்பாடுகள் அனைத்தும் தள்ளுபடி செய்யப்படுகின்றன. ஆளையும் காண விரும்புவோர் சொற்பிறப்பை நம்பியிராமல் வெள்ளனவே போகவும்.