லண்டன் கடிதம்: ‘பொப் இன்’

‘பொப் இன்’ என்பது இங்கிலாந்துப் பேச்சில் நாள் முழுக்க அடிபடும் ஒரு கூட்டுவினை. ஓரிடத்துக்குச் சட்டென்று போய், சற்று இருந்து, உடனே கிளம்புவது என்று பொருள். ‘எட்டிப் பார்த்திட்டு வாறன்’, ‘தலையைக் காட்டிட்டு வா’ என்று யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் சொல்வதுதான் இதற்கு மிகக் கிட்டிய தமிழ். அலுவலகக் கடிதத்தில் இது வராது; வேலியோடு நின்று கதைக்கும்போது வரும்.

‘பொப்’ முதலில் ஒரு சத்தம், போத்தல் தக்கை கழலும்போது கேட்பது. நம் ‘டக்கெண்டு’ போல, சத்தமே வேகத்துக்கும் ஆகிவந்தது. பின்னால் ஒட்டும் சிறுசொல் திசை காட்டும்: ‘அவுட்’ என்றால் வெளியே, ‘ரவுண்ட்’ என்றால் பக்கத்து வீடு வரை. தாதி ‘கட்டிலில் பொப் அப்’ என்றால் ஏறிப் படுத்தால் போதும், துள்ளிக் காட்டத் தேவையில்லை. ‘பொப் ஓவ்’ மட்டும் கவனம். கிளம்புவதும் அதுதான், செத்துப்போவதும் அதுதான். ‘போறன்’ என்பதே அபசகுனம் என்று ‘போட்டு வாறன்’ சொல்லும் நயினாதீவு ஆச்சிக்கு இதை விளக்குவது வில்லங்கம். பழைய கொச்சையில் ‘பொப்’ என்றால் அடகு வைப்பது; தாலிக்கொடியை அடைவு வைத்து விமானம் ஏறியவர்களுக்கு அதில் புதுமை இல்லை.

சிக்கல் பொருளில் இல்லை, அளவில். லண்டன் ‘பொப் இன்’ கால் மணித்தியாலம், ஒரு தேத்தண்ணி, கூடினால் ஒரு பிஸ்கட். குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறி ஒரு மணித்தியாலம் அலையடித்து நெடுந்தீவில் இறங்குபவர் அப்படி எட்டிப் பார்க்க முடியாது. திரும்பும் வள்ளம் வரை இருந்தாக வேண்டும். அதற்குள் சோறும் கணவாய்க் கறியும் ஆகிவிடும். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் ‘பாதை’ எனும் மிதவையில் கடப்பவர்தான், அதுவும் பாதை ஓடினால், ஓரளவு ‘பொப் இன்’ செய்யக்கூடியவர்.

வெள்ளைக்காரர் ‘எப்ப வேண்டுமானாலும் பொப் இன்’ என்பது பெரும்பாலும் உபசாரம். அதை நம்பி ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளைகுட்டிகளோடும் பருத்தித்துறை வடைப் பையோடும் மணியடித்தால், இரவு உடுப்போடு ஒருவர் வருவார். வாயில் ‘லவ்லி’ இருக்கும். கை கதவை விடாது. முன்கூட்டியே போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போவதே இங்கு மரியாதை.

அதே சொல்லை ஈஸ்ட் ஹாமில் ஒரு புங்குடுதீவார் சொன்னால் பசியோடு போகலாம்.