பட்டாவுக்குப் பெற்றோல், பெடியனுக்குப் பில்லு

தம்பி, உம்மட பட்டா லொறிக்கு டீசலுக்குப் பதிலாப் பெற்றோல் அடிச்சுப்போட்டான் பெடியன் எண்டு மாம்பழம் சந்தி முழுக்கக் கதை. கராஜ்காரன் தந்த பில்லை மடிச்சுச் சட்டைப் பையிலை வைச்சுக்கொண்டு, அவன்ர சம்பளத்திலை மாசாமாசம் வெட்டப்போறன் எண்டு சொல்லித் திரியிறீராம். வெட்டும் ராசா, வெட்டும். முதலாளி எண்டு பேர் எடுத்தால் ஆற்றையும் சம்பளத்தை வெட்டத்தானே வேணும். ஆனால் கத்தியைத் தீட்ட முதல் இந்தக் கிழவன்ர திண்ணையிலை ஒரு வெத்திலை போடுற நேரம் இரும்.

மாறி எண்ணெய் ஊத்திறது எங்கட ஊருக்குப் புதிசில்லை. 1990இலை சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் டீசலும் வாறது நிண்டு போச்சு. உம்மட ஐயா ஒஸ்ரின் கார் வைச்சு ஹயர் ஓடினவர். என்னத்தை ஊத்தி ஓடினவர்? மண்ணெண்ணெய். ஒரு சின்னப் போத்தலுக்கை பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைச்சிருப்பார். காபரேற்றருக்கை நாலு சொட்டு விட்டு, எஞ்சினை ஸ்ராட் பண்ணி, நல்லாச் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவார். குளிர்ந்த எஞ்சினிலை மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதுதான் சூட்சுமம். கண்டி வீதியாலை அவர் போனால் கார் போறதோ புகை போறதோ எண்டு பிடிபடாது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனுக்குப் பக்கத்தாலை இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிப்போடும். கடைசியிலை எஞ்சின் அறுந்தே போச்சு. ஊர் அவரை என்னெண்டு சொன்னது? "விண்ணன்" எண்டது. இப்ப உம்மட பெடியன் தெரியாமல் ஒருக்கா மாத்தி அடிச்சதுக்கு அவன் மொக்கன். தெரிஞ்சுகொண்டு ஊத்தினவர் விண்ணனாம்!

ஐயாவை விடும், அது இல்லாக் காலம். 2022ஐப் பற்றிக் கதைப்பமே? ஆனி மாசக் கடைசியிலை டீசல் லீற்றர் 460 ரூபா. மண்ணெண்ணெய் 87 ரூபா. ஏழைச் சனத்தின்ரை அடுப்புக்கும் மீன்பிடிக்காரற்றை எஞ்சினுக்கும் எண்டு குறைச்ச விலைக்கு விட்ட எண்ணெய், தெற்கிலையும் வடக்கிலையும் ஓடின எத்தினை பஸ், லொறிக்குள்ளை போனதெண்டு எல்லாருக்கும் தெரியும். ஆவணியிலை மண்ணெண்ணெயை 340 ரூபாவுக்கு ஏத்தினாப் பிறகுதான் அந்த வியாதி குறைஞ்சது. நான் ஆரையும் கைநீட்டிச் சொல்லேல்லை. உம்மட பழைய லொறியின்ரை டீசல் பம் அந்த வரியம் புரட்டாசியிலை ஏன் பழுதாப் போனதெண்டும் கேக்கேல்லை. ஒரு சந்தேகம் மட்டும்: அப்ப ஆற்றை சம்பளத்தை வெட்டினனீர்?

சரி, சிரிக்காதையும். இப்ப எஞ்சின் சங்கதிக்கு வருவம். டீசல் எரிபொருள் மட்டுமில்லை, அந்தப் பம்முக்கு அதுதான் மசகு எண்ணெயும். பெற்றோல் போய்க் கலந்தால் அந்த வழுவழுப்புக் கழண்டிடும். இரும்போடை இரும்பு உரசும். உரசின தூள் இன்ஜெக்டருக்குள்ளை போய் இருக்கும். பழைய எஞ்சின் கொஞ்சம் பொறுக்கும். இப்ப வாற கொமன் றெயில் எஞ்சினுக்கு உம்மைப் போலை முன்கோபம், பொறுக்காது. ஆனால் திறப்பைத் திருப்பாமல் விட்டால் இதொண்டும் நடக்காது. பெற்றோல் தாங்கிக்குள்ளை சும்மா கிடக்கும். வாகனத்தைத் தள்ளி ஓரமா விட்டு, கராஜ்காரனைக் கூப்பிட்டு, தாங்கியை வடிச்சு, புது டீசல் அடிச்சால் காரியம் முடிஞ்சுது. செலவு அடிச்ச எண்ணெயும் கூலியும்.

ஆக, தாங்கி வாயிலை எந்தக் குழாயை வைச்சவன் எண்டதை விட, அதுக்குப் பிறகு திறப்பைத் திருப்பினவனோ இல்லையோ எண்டதுதான் பெரிய காசு. இப்ப நீர் சம்பளத்தை வெட்டினாப் பிறகு உம்மட பெடியனுக்குத் திரும்ப இப்பிடி நடக்குது எண்டு யோசியும். பெற்றோல் செட்டிலை நிக்கிறான். மூடியைப் பூட்டேக்கை மணம் மூக்கிலை அடிக்குது. "முதலாளி, பிழைச்சுப் போச்சு" எண்டு அந்த இடத்திலை உமக்குப் போன் பண்ணினால் ரெண்டு மாசச் சம்பளம் போகும் எண்டு அவனுக்குத் தெரியும். என்ன செய்வான்? சித்திவிநாயகரை நினைச்சுக்கொண்டு ஸ்ராட் பண்ணுவான். தாங்கியிலை மிச்சம் இருந்த டீசலிலை வண்டி ஓடும். நாவற்குழிப் பாலத்தடியிலை இருமி, தள்ளாடி, நிக்கும். "தெரியாதண்ணை, தானா நிண்டிட்டுது" எண்டுவான். பிறகு கராஜ்காரன் மூண்டு நாள் வருத்தம் தேடிப் பிடிச்சு, பம்மையும் இன்ஜெக்டரையும் கழட்டி உம்மட தலையிலை கட்டுவான். இந்த முறை பெடியன் ஓடிவந்து சொன்னவன். நீர் வெட்டிப் பாரும், அடுத்த முறை சொல்ல மாட்டான்.

சட்டம் தெரிஞ்ச ஆக்களும் ஊரிலை இருக்கினம், கவனம். 1941ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் பாத்தால், அனுமதிச்ச கழிவைத் தவிர வேறொண்டையும் முதலாளி தன்ரை பாட்டிலை வெட்டேலாது. தொழிலாளியின்ரை சம்மதமும் வேணும். இந்தியாவிலை 1936ஆம் ஆண்டுச் சட்டத்திலையும் நட்டத்துக்கு வெட்டுறதெண்டால் முதலிலை அவன்ர சொல்லைக் கேட்டாக வேணும், நட்டத்துக்கு மேலை ஒரு சதமும் வெட்டேலாது எண்டு இருந்தது. லண்டனிலை பெற்றோல் செட்டிலை நிக்கிற எங்கட பெடியளைக் கேளும். அங்கை 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தத்திலையோ தனியா எழுத்திலையோ ஒப்புதல் இல்லாமல் நட்டத்துக்கெண்டு சம்பளத்திலை கை வைக்கேலாது. கல்லாப்பெட்டியிலை காசு குறைஞ்சால்கூட, ஒரு சம்பளத்திலை நூற்றுக்குப் பத்துக்கு மேலை பிடிக்கேலாது. வெள்ளைக்காரன் அவ்வளவுக்கு இரக்கசாலி எண்டு நான் சொல்ல வரேல்லை. பிடிக்க விட்டால் பிடிச்சுக்கொண்டே இருப்பாங்கள் எண்டு அவனுக்குத் தன்ரை முதலாளிமாரைத் தெரியும்.

சரி, ஆர் கட்டுறது? கணக்குப் பாப்பம். பெடியன் செட்டிலை என்ன சொன்னவன்? "ஐயாயிரத்துக்கு அடி" எண்டவன். டீசல் எண்டு சொல்லேல்லை. அது அவன்ர பங்கு. குழாயைப் பிடிச்சவன் என்ன எண்ணெய் எண்டு கேக்கேல்லை. அது செட்காரற்றை பங்கு. போய் நியாயம் கதையும், பில்லைக் காட்டும். லேசிலை காசு தரமாட்டினம், ஆனாலும் கதையும். இனி உம்மட பங்கு. பெற்றோலிலை ஓடுற சின்ன லொறி ஒண்டும் டீசல் பட்டா ஒண்டும் வைச்சிருக்கிறீர். ஒருநாள் அது, மற்றநாள் இது, ரெண்டுக்கும் ஒரே பெடியன். தாங்கி மூடியிலை "டீசல்" எண்டு ஒரு கோடு பெயின்ற் இல்லை. விடிய நாலு மணிக்குத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி ஏத்திவிட்டது நீர். அவன் செட்டிலை நிக்கேக்கை "எங்கையடா நிக்கிறாய்" எண்டு கத்திப் போன் எடுத்ததும் நீர். அவன் ஒரு காதிலை உம்மையும் மற்றக் காதிலை செட்காரனையும் வைச்சுக்கொண்டு நிண்டவன். இதுக்கெல்லாம் எவ்வளவு போடுவம்?

அவன் டீசலைக் களவா வித்துப்போட்டு வேறை எதையும் ஊத்தியிருந்தால் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போம், நானும் வாறன். அது களவு. இது கை தவறினது. அவனிட்டை ஏதும் வாங்கித்தான் தீருவன் எண்டு நிண்டால், பெயின்ற் தகரத்தையும் தூரிகையையும் குடுத்து ரெண்டு வண்டி மூடியிலையும் எழுதச் சொல்லும். எழுத்துப் பிழை விடுவான், விடட்டும்.

கடைசியா ஒண்டு. வடிச்ச கலவையைக் கானிலை நிரப்பி வீட்டுக்குப் பின்னாலை வைச்சிருக்கிறீராம். மண்ணெண்ணெய் எண்டு நினைச்சு ஆரும் விளக்குக்கோ அடுப்புக்கோ ஊத்தினால் பெற்றோல் பத்தி வெடிக்கும், சொல்லிப்போட்டன். கானிலை பெரிசா எழுதி, வீட்டுப் பொம்பிளையளுக்கும் சொல்லிவையும். "நான் கொண்டுபோய்க் கழிச்சுவிடுறன் அண்ணை" எண்டு கராஜ்காரன் பல்லைக் காட்டினால் குடுத்துவிடும், ஆனால் பில்லைத் திரும்ப ஒருக்கா விரிச்சுப் பாரும். வடிச்ச கூலியும் இருக்கும், கழிச்ச கூலியும் இருக்கும், அந்த எண்ணெயை அவன் ஆருக்கு விக்கப்போறான் எண்டது மட்டும் அதிலை இராது.