கடுஞ்சொற்புரத்துக் குடிமக்கள்: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஆங்கிலத்தின் கடினமான சொற்களை மனிதர்கள் எப்படி மனப்பாடம் செய்கிறார்கள் என்று உளவியலாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அச்சொற்களை விளக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குள் காலம் தள்ளுகிறவர்களைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. ஒரு வரியில் பிறந்து, ஒரு கஞ்சத்தனமோ துரோகமோ செய்துவிட்டு, முற்றுப்புள்ளியோடு மறைந்துபோகும் இந்த மக்கள்தொகையை எந்தக் கணக்கெடுப்பும் சேர்த்துக்கொண்டதில்லை. இவ்வாய்வு அவர்களைப் பற்றியது. அவர்கள் வாழும் ஊருக்கு, வசதி கருதி, கடுஞ்சொற்புரம் என்று பெயர் சூட்டப்படுகிறது.

ஊருக்குள் நுழைய இரண்டு முக்கிய வாயில்கள் உண்டு. ஒன்று, அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கத் துடிக்கும் நம்மூர்ப் பொறியியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக மக்கப் அடித்த பாரன்ஸ் ஜி.ஆர்.இ. நுழைவுத்தேர்வுப் புத்தகம். அதன் பழைய பதிப்புகளில் ஏறத்தாழ 3,500 சொற்கள், 50 பட்டியல்களாக, அகரவரிசையில் நிற்கும். வாசலில் நிற்கும் முதல் சொல் ‘அபேஸ்’. தாழ்த்து, அவமானப்படுத்து என்று பொருள். வரவேற்பு எப்படி என்று பாருங்கள்.

இரண்டாவது வாயில், 1949இல் நார்மன் லூயிஸ் எழுதி, இன்றும் நடைபாதைக் கடைகளில் அடுக்கிவைத்து விற்கப்படும் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’. இதில் தன்னலக்காரர், தற்பெருமைக்காரர், பிறர்நலக்காரர் மூவரும் முதலில் வருகிறார்கள். கொஞ்சம் தள்ளி மனிதரை வெறுப்பவர், பெண்ணை வெறுப்பவர், கல்யாணத்தை வெறுப்பவர். பொய்யர்களுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. ஊரறிந்த பொய்யர், திருத்தவே முடியாத பொய்யர், பிறவிப் பொய்யர், மனநோயாகப் பொய் சொல்பவர், நாக்கூசாமல் சரளமாகப் புளுகுபவர் என்று வகைக்கொரு அடைமொழி. நம் பழைய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் முதல் தொகுதி தேவர்களின் பெயர்களைச் சொல்லும். மனிதர்களுக்கு இரண்டாம் தொகுதிதான். திண்ணைப் பள்ளியில் நிகண்டு உருப்போட்ட பிள்ளை கடவுளரைக் கும்பிட்டபடி சொல்லுலகில் நுழைந்தது. ஜி.ஆர்.இ. மாணவனோ பொய்யர்களின் தோளில் கைபோட்டபடி நுழைகிறான்.

கடுஞ்சொற்புரத்தில் ஏன் இத்தனை கயவர்கள்? இவ்வாய்வின் கருதுகோள் எளிது. அன்பு, வீடு, சோறு, நல்லவன் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் ஐந்தாம் வகுப்புக்குள்ளேயே கைக்கு வந்துவிடுகின்றன. மிச்சம் கிடப்பவை கஞ்சத்தனத்தின் நுண்வகைகளும் முகத்துதியின் உட்பிரிவுகளும்தாம். நல்லவனைச் சொல்ல ஒரு சொல் போதும் என்று மொழிக்குத் தோன்றியிருக்கிறது.

இந்த ஊர் எப்போது உருவானது? 1604இல் ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர் சுமார் 2,500 கடினச் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் மிகச் சுருக்கமாகப் பொருள் எழுதினார். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி அதுதான். எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லை. எனவே அப்போது ஊரில் வீடுகள் உண்டு, ஆட்கள் இல்லை. 1755இல் சாமுவேல் ஜான்சன் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களோடு ஒரு லட்சத்தைத் தாண்டிய மேற்கோள்களையும் கொண்டுவந்து இறக்கினார். ஷேக்ஸ்பியரும் மில்டனும் குடியேறிய காலம் அது. ஆனால் பொருள் எழுதும்போது ஜான்சனின் கை நீண்டுவிடும். வலைப்பின்னல் என்ற சாதாரணச் சொல்லை அவர் விளக்கியதைப் புரிந்துகொள்ள அவருடைய அகராதியையே இன்னும் மூன்று முறை புரட்டவேண்டும்.

கடினமாகப் பொருள் எழுதும் இந்நோய்க்கு மருந்து லண்டனில் கிடைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. டாக்காவில் வங்காள மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட், 1,490 எளிய சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் மரபுத்தொடர்களுக்கும் பொருள் எழுதி 1935இல் அகராதி வெளியிட்டார். டோக்கியோவில் ஏ.எஸ். ஹார்ன்பி தொகுத்த அகராதி 1942இல், உலகப் போருக்கு நடுவே, அங்கேயே வெளிவந்தது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு பெயரில் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் மாணவர் அகராதி அதன் வாரிசு.

எளிய பொருள் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? 1987இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லரும் பட்ரிசியா கில்டியாவும் எழுதிய கட்டுரை இதில் மண்ணைப் போட்டது. பள்ளிப் பிள்ளைகளிடம் அகராதிப் பொருளைக் கொடுத்து வாக்கியம் எழுதச் சொன்னால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியது அது. ‘இரோட்’ என்றால் அரித்துத் தின்பது. ஆனால் பொருளில் தரப்பட்ட ‘ஈட் அவுட்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு ஹோட்டலில் சாப்பிடுவது என்றும் அர்த்தம் வரும். ஆகவே ஒரு பிள்ளை, எங்கள் குடும்பம் அடிக்கடி இரோட் செய்யும் என்ற கருத்தில் எழுதியது. (ஈரோடு ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தில் இருப்பவையும் இதே ஐந்து எழுத்துகள்தாம். தமிழ் மாணவர்கள் இச்சொல்லைப் பிழையின்றி எழுதுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.) ‘ஸ்டிமுலேட்’ என்பதன் பொருளில் கிளறிவிடுதல் இருந்ததால், இன்னொரு பிள்ளையின் வாக்கியத்தில் ஒரு அம்மையார் சூப்பை ஸ்டிமுலேட் செய்தார். இதற்குச் சூப் விளைவு என்று இவ்வாய்வு பெயரிடுகிறது. பிள்ளைகளின் தர்க்கத்தில் தவறே இல்லை: பொருளில் தெரிந்த துண்டைப் பிடித்து, அதைக்கொண்டு வாக்கியம் அமைத்து, துண்டை எடுத்துவிட்டுப் புதுச்சொல்லைச் செருகினார்கள்.

எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுத்தபோதும் தப்பவில்லை. அரியணையை ‘யூசர்ப்’ செய்தான், அதாவது அபகரித்தான் என்ற மாதிரி வாக்கியத்தைப் பார்த்த ஒரு பிள்ளை, எடுத்துக்கொள்வது என்று மட்டும் புரிந்துகொண்டு, அறையிலிருந்து ஒரு நீல நாற்காலியை யூசர்ப் செய்துவிட்டது. ராஜகுடும்பத்துச் சதி ஒரே வாக்கியத்தில் பிடிபடாது. குறைந்தது நாலைந்து அரியணைகளாவது பறிபோக வேண்டும்.

அதே 1987இல் பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் குழுவினர் கோபில்ட் அகராதியை வெளியிட்டார்கள். கற்பனை வாக்கியங்களை விலக்கி, கணினியில் திரட்டிய நிஜ எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் எடுத்துக்காட்டுகளைப் பொறுக்கினார்கள். விளைவாக ஊரின் முகம் மாறிற்று. கஞ்சனும் கொடுங்கோலனும் ஒதுங்கிக்கொள்ள, யாரிடமோ எதையோ பாதியில் சொல்லிக்கொண்டிருந்த சாதாரணர்கள் உள்ளே வந்தார்கள். சுவாரசியம் குறைந்தது என்றே சொல்லவேண்டும்.

போகிறபோக்கில் இன்னொரு கண்டுபிடிப்பு: அகரச் சரிவுக் கொள்கை. ஒருவரின் சொல்லறிவு ‘ஏ’ எழுத்திலிருந்து தொலைவு கூடக்கூடக் குறையும். ‘அபேட்’, ‘அபேயன்ஸ்’ (தற்காலிக நிறுத்தம்), ‘அப்ஸ்டீமியஸ்’ மூன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் மாணவன் ‘எம்’ வரும்போது முதல் பட்டியலுக்கே திரும்பிவிடுகிறான். புத்தகத்தின் பக்கவாட்டில் கைபட்டுக் கறுத்திருக்கும் பகுதியின் அகலமே இதற்குச் சான்று.

பிறகு தேர்வு நடத்துவோரே ஊரைக் காலிசெய்ய ஆரம்பித்தார்கள். 2005இல் அமெரிக்க இளநிலைச் சேர்க்கைத் தேர்வான எஸ்.ஏ.டி.யிலிருந்து ஒப்புமைக் கேள்விகள் போயின. 2011இல் ஜி.ஆர்.இ.யிலிருந்து ஒப்புமையோடு எதிர்ச்சொல் கேள்விகளும் போயின. தனிச்சொல்லுக்கு வேலை குறைந்து, பத்தியின் நடுவே கோடிட்ட இடத்தில் உட்காரத் தெரிந்த சொல்லுக்கே மதிப்பெண் என்றானது.

மனப்பாடம் செய்த சொற்கள் அதற்காக வீணாகவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் எஸ்.ஓ.பி. என்ற நோக்க அறிக்கையில் கரையேறுகின்றன. ‘ப்ளெத்தோரா’ என்ற சொல் அங்கே தவறாமல் தென்படும். மருத்துவத்தில் உடம்பில் ரத்தம் மிதமிஞ்சிப்போன கோளாறைக் குறித்து, அளவுக்கு மீறியது என்ற பொருளுக்கு வந்த சொல் அது. பட்டியலில் மிகுதி என்று மட்டும் படித்தவர், தம் கல்லூரி தமக்கு வழங்கிய வாய்ப்புகளின் ப்ளெத்தோராவுக்கு உளமார நன்றி சொல்கிறார். சூப் விளைவு வயதோடு போவதில்லை.

அடுத்த கட்டம் அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் விசா நேர்காணல். எந்தப் பல்கலைக்கழகம், ஏன் அந்தப் படிப்பு, பணம் யார் கட்டுவது, அப்பா என்ன வேலை பார்க்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வரும் இக்கேள்விகளில் பொய்யரின் உட்பிரிவு எதுவும் தேவைப்படுவதில்லை. மைக்கேல் வெஸ்ட் எண்ணி வைத்த சொற்களே அநேகமாகப் போதும். அப்பாவின் வேலையைச் சொல்ல வந்த மாணவனுக்கு அந்த நேரம் பார்த்து நாக்கில் வந்து நிற்பது அபேயன்ஸ்.