கான்டெஸாவும் வி-கிராஸும்: காஞ்சிரங்குளம் இடவழிகளை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

1964இல் அமெரிக்காவின் பான்டியாக் ஜி.டி.ஓ. 6.4 லிட்டர் வி8 எஞ்சினோடு 325 குதிரைகளை அவிழ்த்துவிட்டது. அந்த நீண்ட மூக்கும் முரட்டுத் தோளும் நம் நாட்டுக்கு வர இருபது வருஷம் ஆயிற்று. 1984இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரிட்டனின் வாக்ஸ்ஹால் கைகழுவிய ஒரு மாடலை எடுத்து கான்டெஸா என்று பெயரிட்டது. மூக்கு அதேதான், தோளும் அதேதான். குதிரைகள்தாம் ஐம்பதை ஒட்டி நின்றுவிட்டன, ஏனெனில் உள்ளே இருந்தது அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சின். ஆயினும் கேரளத்தில் இன்றும் இதைத்தான் 'மஸில் கார்' என்கிறார்கள். தோரணைக்கும் திறனுக்கும் தொடர்பே வேண்டியதில்லை என்ற நம் முதல் கருதுகோளுக்கு இதுவே போதிய சான்று.

எதிர்த்தரப்பு, இசுஸு வி-கிராஸ் பிக்கப். 1.9 லிட்டர் டீசல், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நெய்யாற்றின்கரைக்குரிய கே.எல்.20 பலகையோடு காஞ்சிரங்குளம் சந்திப்பைக் கடக்கும்போது டீக்கடை பெஞ்சில் உரையாடல் நின்றுவிடும். கான்டெஸா போனாலும் நிற்கும். ஆனால் அது போன பிறகு பேச்சு வேறு திசையில் தொடங்கும்: யார் கல்யாணத்துக்கு அது வந்தது, எவர் ஸ்த்ரீதனத்தில் பாதி அதற்கே போனது என்று.

இவை இரண்டும் பகையாளிகள் அல்ல, உறவுக்காரர்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் கான்டெஸாவுக்கு மூச்சு கொடுத்தது இசுஸுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். குதிரைகள் 88 ஆயின. அந்தக் கடன் பின்னாளில் தீர்க்கப்பட்டது: 2016இல் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறக்கும் வரை இசுஸு பிக்கப்புகளைக் கோத்துக் கொடுத்தது திருவள்ளூரிலிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை. கான்டெஸா 2002இலேயே கண்ணை மூடிவிட்டதால் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இனி சுமை. பயணிகளுக்கென்று பிறந்த கான்டெஸாவின் டிக்கியில் ஏத்தங்குலை, தேங்காய்ச் சாக்கு, பிரசவத்துக்குப் போகும் பெண்ணின் பெட்டி படுக்கை, சமயத்தில் ஆட்டுக்குட்டி என எல்லாம் போயிருக்கின்றன. சுமைக்கென்று பிறந்த வி-கிராஸின் தொட்டியோ மூடி போட்டுப் பூட்டிக் கிடக்கிறது. களப்பணியில் பதிவான உரையாடல் இது:

"மக்கா, பொறத்த நாலு குலை போட்டுக்கட்டா?"

"வேண்டாம் மாமா, பெயின்ட் கீறிப் போவும்."

மாமா ஒன்றும் சொல்லாமல் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். தொட்டியின் உண்மைப் பயன்பாடு வெறுமையைப் பாதுகாப்பதே என இவ்வாய்வு துணிகிறது.

முக்கியமான சோதனை இடவழியில். கான்டெஸா அகலம் 1.7 மீட்டர், நீளம் 4.6. வி-கிராஸ் அகலம் 1.86, நீளம் ஏறக்குறைய 5.3. எதிரும் புதிருமாக வந்தால் அகலம் மட்டுமே 3.56 மீட்டர், அதுவும் பக்கக் கண்ணாடிகளை மடக்கிய பிறகு. இரு பக்கமும் செங்கல் மதில், மதில்மேல் பதித்த குப்பிச் சில்லு. குதிரைத்திறன் இங்கே ஒரு சல்லிக்கும் உதவாது. பின்னால் எடுக்கப்போவது யார் என்பதே கேள்வி. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய கான்டெஸாவை நின்ற இடத்தில் திருப்புவது, ஈரமான ஆட்டுக்கல்லைச் சுற்றுவது போலத் தோளைக் கழற்றிவிடும். வி-கிராஸில் பின்பக்கக் கேமரா உண்டு. எனவே விதி: கேமரா உடையவரே பின்வாங்கக் கடவர்.

இதே நேரம் கடற்கரை ஊரான புல்லுவிளையிலிருந்து மீன் ஏற்றிய ஆப்பே ஆட்டோ வந்து பிக்கப்பின் முதுகில் ஒட்டி நின்றால் என்ன செய்வது என்பதற்கு இவ்விதியில் இடமில்லை. அதில் கேமராவும் கிடையாது, பொறுமையும் கிடையாது, மீனுக்கு நேரமும் கிடையாது.