உருட்டு மாப்பிள்ளை

பத்தமடையில் கல்யாணத்துக்குத் தயாராகும் பையன்களில் தெருவுக்கு ஒருவராவது உருட்டு மாப்பிள்ளையாக இருக்கிறார். காலையில் திருநெல்வேலி பஸ்ஸுக்கு நிற்கும்போது துண்டால் பாதி முகத்தை மூடியிருப்பார். துண்டு விலகினால் கன்னம் இரண்டும் கன்றிச் சிவந்து தெரியும். "என்னல, வண்டியில இருந்து விழுந்துட்டியா?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குக் கோபம் வராது. கேட்டவர்மேல் பரிதாபம்தான் வரும். "கொலாஜன் ஊறுது அண்ணாச்சி" என்பார்.

அவர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சங்கடம். அவர் கன்னத்தில் உருட்டுவது டெர்மா ரோலர், கைப்பிடி போட்ட சின்ன உருளை. சாதாரணமாக அதில் 192 நுண்ணூசிகள் இருக்கும். தோலில் உருட்டினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். உடம்பு அதைக் காயமென்று எடுத்துக்கொண்டு புது கொலாஜனைக் கட்ட ஆரம்பிக்கும். 1997இல் கமிராண்ட், டூசே என்ற இரு மருத்துவர்கள், மை தொடாத பச்சைகுத்தும் கருவியால் தழும்புகளைக் குத்திப் பார்த்து எழுதினார்கள். தென்னாப்பிரிக்க அறுவை மருத்துவர் டெஸ்மண்ட் பெர்னாண்டஸ் ஊசிகளை உருளையில் ஏற்றினார். இவ்வளவையும் மாப்பிள்ளை ஒப்பிப்பார். அந்தக் காயம் ஆற வாரக்கணக்கில் விட வேண்டும் என்ற கடைசி வரியில்தான் அவருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

ஊசியின் நீளம் அடுத்த தகராறு. வீட்டில் வைத்துக்கொள்ள கால் மில்லிமீட்டர் போதும். அதைத் தாண்டினால் டாக்டர் கைக்குப் போய்விட வேண்டும். முகத்தின் மேல்தோலே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம்தான். மாப்பிள்ளைக்குக் கால் மில்லி என்பது மரியாதைக் குறைவு. "கொசு கடிக்கதுக்கா காசு கொடுத்தேன்?" என்று 1.5 மில்லிமீட்டர் ஊசியும் 540 முள்ளுமாக வாங்கியிருக்கிறார். அதற்கு ஆதாரமும் வைத்திருக்கிறார்: "பம்பாயில டாக்டர்மாரே செஞ்சு பாத்திருக்காவ."

பார்த்தது உண்மை. 2013இல் வெளியான மும்பை ஆய்வில் 100 ஆண்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு மினாக்சிடில் மருந்து மட்டும், மறுபாதிக்கு அதோடு வாரம் ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் உருளை என்று 12 வாரம் பார்த்தார்கள். உருளை பட்டவர்களுக்கு முடி கூடுதலாக முளைத்தது. ஆனால் உருட்டியது தலையில், உருட்டியவர்கள் டாக்டர்கள், உருட்டியது வாரம் ஒருமுறை. நம் மாப்பிள்ளை உருட்டுவது தாடியில், தினம் இரண்டு வேளை, சீரியல் பார்த்துக்கொண்டே.

இத்தனைக்கும் நுணுக்கம் தெரியாத ஊர்க்காரரா? பாய்க்குப் பேர்போன பத்தமடைக்காரர். கல்யாணத்துக்குப் பெண் பேரும் தன் பேரும் போட்டுப் பட்டுப்பாய் நெய்யச் சொல்லியிருக்கிறார். பாயில் கையை ஓட்டினாலே 100 கவுண்டா 140 கவுண்டா என்று சொல்லிவிடுவார். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கீறும் அம்மாவிடம், "அவசரப்படாதீங்க பெரிம்மா, பையச் செய்ங்க" என்கிறார். பாய்க்குக் காட்டும் பொறுமையில் பாதி அந்தக் கன்னத்துக்குக் கிடைத்திருந்தால் எனக்கு இதை எழுதும் வேலை இருந்திருக்காது.

தோல் டாக்டரைப் பார் என்றால் சுவாமி சிவானந்தரைக் கூப்பிடுவார். "சாமியே நம்ம ஊர்ல பொறந்த டாக்டருல்லா? நமக்கு எவன் சொல்லித்தரணும்?" சாமி 1887இல் இங்கே பிறந்ததும், துறவுக்கு முன்னால் மலேயாவில் டாக்டராக இருந்ததும் சரிதான். அவர் படித்துவிட்டு வைத்தியம் பார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

உருட்டி முடித்ததும் எலுமிச்சம்பழம் பிழிவார். வைட்டமின் சியாம். குத்திய தோலில் பூசுவது பூச்சாக இல்லாமல் உள்ளே போகும். வைட்டமின் சி பூசி ஊசி உருட்டிக்கொண்ட பெண்களுக்கு முகத்தில் கட்டி கட்டியாகத் தடித்ததை அமெரிக்கத் தோல் மருத்துவ இதழொன்றில் 2014இலேயே எழுதியிருக்கிறார்கள். அது முறையாகத் தயாரித்த மருந்து. இது ரசத்துக்கு வாங்கிய பழம்.

சுத்தம் என்றால் அவருக்கு வெந்நீரில் ஒரு முக்கு. 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, உலர்த்தி, டப்பாவில் மூட வேண்டிய உருளையைக் குளியலறை ஜன்னலில் ஷேவிங் பிரஷ்ஷோடு நிறுத்தியிருக்கிறார். ஊசி வளைந்தால் வீச வேண்டும். அவர் நகத்தால் நிமிர்த்துவார். சீழ் வைத்த பரு இருந்தால் தொடவே கூடாது. அவர் பருவைத் தேடித்தான் உருட்டுகிறார்.

எல்லாவற்றையும்விட அவருடைய தாராளம்தான் எனக்குப் பயம். டீக்கடையில் தண்ணீர்ச் செம்பை உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடிப்பார். எச்சில் பட்டால் ஒரே ரகளை. அதே மனிதர், மச்சான் வந்து "ரெண்டு நாளு தாயேன், தந்துருதேன்" என்றால் ரத்தம் பட்ட உருளையைத் தூக்கிக் கொடுக்கிறார். அது மச்சானிடமிருந்து மைனிக்குப் போய், மைனியின் தம்பியிடமிருந்து திரும்பி வருகிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு அழகு நிலையத்தில் இப்படி முகத்தில் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு எச்ஐவி தொற்றியதை 2024இல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டது. சொன்னேன். "அவம்லாம் அந்நியன். நாங்க சொந்தத்துக்குள்ளதான சுத்துதோம்" என்றார்.

நம் நிறத்துத் தோலில் காயம் ஆறினால் கறுத்துத்தான் ஆறும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். சன்ஸ்கிரீன் பொம்பளைச் சமாச்சாரம் என்று ஒதுக்கியவருக்கு இரண்டே மாதத்தில் கன்னத்தில் புள்ளி புள்ளியாக மங்கு விழுந்தது. கடைசியில் அம்மா இழுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனாள். தோல் டாக்டரம்மா கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் இனி அதை உருட்டவே கூடாது, தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மாப்பிள்ளை அந்த வார்த்தையைத் தட்டவில்லை. முகத்தில் உருட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டார். ஆனால் காசு கொடுத்து வாங்கிய சாமானைக் குப்பையில் போடுவதாவது! இப்போது திண்ணையில் உட்கார்ந்து ஆச்சியின் பித்தவெடிப்பில் உருட்டிக்கொண்டிருக்கிறார்.